ஈஸ்டருக்கு மறுநாள்

ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்ற தவக்காலத்தின் 40 நாளும் சரக்கைத் தொடாமல் இருந்துவிடுகிற ஆட்கள் ராயபுரத்திலும் பெரம்பூரிலும் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். சாம்பல் புதனன்று நெற்றியில் சிலுவைக் குறி, பெரிய வெள்ளிக்கு மூன்று மணி ஆராதனை, ஈஸ்டருக்குப் புதுச்சட்டை, பிரியாணி. மறுநாள் பகல் 12 மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் ஏறும்போது வாசலில் நிற்பார்கள். ஆகஸ்டு கடைசியில் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களிலும் இப்படிச் சிலர் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் இருப்பதும் ஏறக்குறைய இதே கணக்கு.

“40 நாள் விட முடிஞ்சவனுக்கு 41ஆம் நாள் மட்டும் ஏன் முடியலை?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த 40 நாளும் அவர் காத்துக்கொண்டிருந்தார். முடிகிற தேதி காலண்டரில் சிவப்பு மையில் அச்சாகியிருந்தது. தேதியே இல்லாமல் நிறுத்துவதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். அதைப் பெரும்பாலான சபைகள் செய்வதில்லை. நிறுத்தும் நாளுக்குக் கூட்டம் கூடுகிறது, பாட்டு பாடுகிறோம், தலையில் கை வைக்கிறோம். மறுநாளுக்கு யார் பொறுப்பு என்று யாரிடமும் எழுதிக் கொடுப்பதில்லை.

இதில் உடம்பின் கணக்கும் ஒன்று இருக்கிறது. பல வாரம் நிறுத்தியபின் உடம்பு தாங்கும் அளவு குறைந்துவிடும். பழைய நினைப்பில் பழைய அளவை ஊற்றினால் அது முன்பைவிடக் கடுமையாக அடிக்கும். வாந்தி மூச்சுக்குழாயில் போவது, மாடிப்படியில் விழுவது, வண்டியை விடுவது எல்லாம் அன்றைக்கு நடக்கும். “ஒரு குவாட்டர்தான்” என்பவருக்கு அளவைச் சொல்லிக்காட்டலாம்: 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் சுமார் 61 கிராம். மருத்துவக் கணக்கில் ஒரு ‘டிரிங்க்’ 10 கிராம். அப்படியானால் ஒரு குவாட்டர் ஆறு டிரிங்க், அதில் பாதியான ஒரு கட்டிங் மூன்று. பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் “கொஞ்சம்” என்று எழுதியதைக் குடிக்கிறவர்கள் தவறாமல் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அதுவரை தண்ணீர் மட்டுமே குடித்துவந்தவனுக்கு எழுதிய வரி அது என்பது மட்டும் மறந்துபோகும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: காலையில் எழுந்ததும் டீ கிளாஸைப் பிடிக்கக் கை உதறுகிறதா, உதறல் நிற்க ஒரு கட்டிங் தேவைப்படுகிறதா? லெந்தில் சும்மா நிறுத்திவிட முடிகிறவர் ஒரு வகை. கை உதறுகிறவர் வேறு வகை. இந்த இரண்டாம் வகை ஆள் டாக்டரைப் பார்க்காமல் திடீரென நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. இதைச் சபையில் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

கடைசியாகக் குடித்ததிலிருந்து மணியை எண்ணுங்கள். 6 மணி நேரத்துக்குப் பிறகு உதறல், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை. 6 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். முன்பு ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். 2 முதல் 4 நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும்: காய்ச்சல், படபடப்பு, தோலில் பூச்சி ஊர்கிற மாதிரி தட்டிவிடுவது, சுவரில் ஆள் தெரிவது, ராத்திரி பகல் தெரியாமல் போவது. தொழிலையே செய்துகாட்டுகிறவர்களும் உண்டு. வலை இழுத்தவர் பாயில் உட்கார்ந்து வெறுங்கையால் வலை இழுப்பார். மூட்டை தூக்கியவர் தோளை வளைத்துக் கொடுப்பார்.

இப்போது இந்த மணிக்கணக்கை நம் ஜெப அட்டவணையோடு சேர்த்து வையுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிக் குவாட்டர். இரவு முழு இரவு ஜெபத்துக்கு அழைத்து வருகிறார்கள். மூன்று நாள் உபவாசம் என்று உட்கார வைக்கிறார்கள். சனிக்கிழமை வலிப்பு. ஞாயிறு ராத்திரி அவர் சுவரைப் பார்த்துப் பேசுகிறார். “அசுத்த ஆவி வெளியே வருது” என்று நாலு பேர் பிடித்து அழுத்துகிறார்கள். அவருக்குத் தேவை தண்ணீர், சாப்பாடு, பி1 வைட்டமின் ஊசி, டாக்டர் கொடுக்கும் மயக்க மாத்திரை. உபவாசம் முதல் இரண்டையும் பறித்துவிடுகிறது. கட்டிப்போட்டு வைக்கிற ‘ஜெப வீடுகள்’ பற்றிக் கேள்விப்பட்டால் ஒன்று நினைவிருக்கட்டும்: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. சேர்க்கப்போகும் இடத்துக்குப் பதிவு இருக்கிறதா, டாக்டர் தினம் வருகிறாரா, குடும்பம் பார்க்க விடுவார்களா என்ற மூன்றையும் பணம் கட்டும் முன் கேளுங்கள்.

1 இராஜாக்கள் 19ஐ இந்த நேரத்துக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். எலியா சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்டுப் படுத்திருக்கிறார். தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டு, எழுப்பி, இன்னொரு தடவை கொடுக்கிறான். கர்த்தர் பேசுவது அதற்கு ரொம்ப நாள் கழித்து.

வலிப்பு, சித்தக் கலக்கம், ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பு மலம், மஞ்சள் கண், வீங்கிய வயிறு: இதில் எது இருந்தாலும் 108. நம் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும். அவசரம் இல்லாத நிலையில் ஸ்டான்லியிலோ கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குப் போகலாம். “கீழ்ப்பாக்கமா?” என்று குடும்பம் தயங்கும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள்: தினம் எவ்வளவு, எத்தனை வருஷம், கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததா. டாக்டர் முன்னால் அவர் பாதியாகக் குறைத்துச் சொல்வார். சீட்டு குறைத்துச் சொல்லாது.

தெருமுனை கிளினிக்கில் “ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரும்” என்று கேட்கிற பழக்கம் இருக்கிறதே, அதுவும் ஆபத்து. நாள்பட்டுக் குடித்த உடம்பில் பி1 சத்து வற்றியிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை ஆடும், நடை தள்ளாடும், ஞாபகம் போகும். போன ஞாபகம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். “தினம் குடிக்கிறவர், பி1 போட்டாச்சா?” என்று கேளுங்கள். படிக்காத அக்காகூடக் கேட்கக்கூடிய கேள்விதான்.

உதறல் நிற்கக் கொடுக்கிற மாத்திரை பொதுவாக ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிற ஒன்று. வீட்டில் ஒருவர் கையில் வைத்து வேளாவேளைக்குக் கொடுக்க வேண்டும். அதோடு சேர்த்துக் குடித்தால் மூச்சு அடங்கிப்போகும். அதற்குப் பிறகு, குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளை டாக்டர் மாதக்கணக்கில் தரலாம். இங்கேதான் “கர்த்தர் சுகமாக்கிட்டார், மாத்திரை எதுக்கு? அவிசுவாசம்” என்று ஒரு மூத்த விசுவாசி ஆரம்பிப்பார். அவர் சட்டைப் பையில் சர்க்கரை மாத்திரை அட்டை இருக்கும்.

டைசல்ஃபிராம் தனிக் கதை. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கொடுத்தால்தான் அது மருந்து. “தெரியாமல் ரசத்தில் கலந்து கொடுங்கள்” என்று சுவரொட்டி ஒட்டி விற்கிறவர்களிடம் வாங்கி மனைவி கலந்து கொடுத்தால் அது கொலையில் முடியலாம். மாத்திரையை நிறுத்தியபிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். இருமல் சிரப், ஹோமியோபதி சொட்டு மருந்து, சானிடைசர், ஷேவ் பண்ணிப் போடும் லோஷன் எல்லாவற்றிலும் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சபைக்குள்ளேயே இரண்டு இடத்தில் சரக்கு இருக்கிறது. ஒன்று, நற்கருணைப் பாத்திரம். பல சபைகளில் புளிக்காத திராட்சைச் சாறுதான் கொடுக்கிறார்கள். ஆனால் ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள். ஒயின் என்றால் அப்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கத்தோலிக்கப் போதனையில் அப்பம் மட்டும் வாங்கினாலும் முழு நற்கருணைதான். சபை ஐயரிடமோ ஃபாதரிடமோ முன்கூட்டியே சொல்லிவிட்டால், வரிசையில் நிற்கும்போது கப்பைப் பார்த்துத் திணற வேண்டியதில்லை. இன்னொன்று கிறிஸ்துமஸ். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் காலத்து ஆங்கிலோ இந்திய வீடுகளிலிருந்து பழகிய வழக்கம், உலர்பழத்தை வாரக்கணக்கில் ரம்மில் ஊறவைத்து கேக் போடுவது. சுட்டால் எல்லாம் ஆவியாகிவிடும் என்பது சரியில்லை. சுட்ட பிறகும் மேலே ரம் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜாடியில் போட்டு வைக்கிற வீட்டு ஒயினை “சும்மா திராட்சை ஜூஸ்தான், பிரதர்” என்று நீட்டுவார்கள். ஆரஞ்சுச் சாறில் பழத்தை ஊறவைத்தாலும் கேக் நன்றாகவே வரும். அந்த வீட்டில் ஒருவர் குடியை விட்டிருக்கிறார் என்றால் அந்த வருஷம் அந்தத் தெருவே அப்படிச் செய்தால் என்ன குறைந்துபோகும்?

இனி முதல் வாரம் தாண்டியவர். முகம் தெளிந்திருக்கும், சட்டை இஸ்திரி போட்டிருக்கும். சபைக்கு உடனே ஒரு ஆசை வரும்: சாட்சி சொல்ல மைக்கைக் கொடுக்கலாம். கொடுக்காதீர்கள். ஒரு வருஷம் போகட்டும். மைக்கில் “விடுதலை பெற்றேன்” என்று சொன்னவர் ஆறாம் வாரம் வழுக்கினால், எந்த முகத்தோடு சபைக்கு வருவார்? வரமாட்டார். வராதவர் போகிற இடம் ஒன்றுதான். லாசருவை உயிரோடு எழுப்பியவர், பிரேதச் சீலையைக் கட்டவிழ்க்கும் வேலையைச் சுற்றி நின்றவர்களிடம் கொடுத்தார். சீலை சுற்றியிருக்கும்போதே மேடையேற்றவில்லை.

அவருக்கு வேலை கொடுங்கள். பாய் விரிப்பது, சவுண்ட் பாக்ஸ் தூக்குவது, டீ வாங்கி வருவது. காணிக்கைப் பை வேண்டாம். சந்தேகத்தால் இல்லை, பணம் கையில் இருக்கும் அந்தப் பத்து நிமிஷம் அவருக்கு இப்போது தேவையில்லாத சோதனை. வேதம் வாசிக்கச் சொல்லும்போது ஒரு நாளைக்குப் பத்து வசனம் போதும். மூளைக்குக் கவனம் திரும்ப வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். படிக்க வராதவருக்கு ஆடியோ வேதாகமத்தைப் போனில் போட்டுக் கொடுங்கள். 16 அதிகாரம்தான் என்பதால் மாற்கு நல்லது. அதிலேயே பர்திமேயு இருக்கிறான். “இயேசுவே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்.” ஆசை முட்டிக்கொண்டு வரும்போது இந்த ஒரு வரிதான் வாயில் நிற்கும், நீண்ட ஜெபம் நிற்காது. அந்த அலை பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும். அரை மணியை ஓட்ட ஒரு கடலை மிட்டாய், நிறையத் தண்ணீர், ஒரு போன் கால். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நாலில் எது இருக்கிறது என்று அவரையே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி நேரம் பசிதான்.

குடியை விடுகிறவர்களுக்கென்று சபையில் ஒரு சின்னக் கூட்டம் வையுங்கள்: வாரம் இரண்டு நாள், ராத்திரி 7 மணிக்கு, ஆறிலிருந்து பத்துப் பேர், ஒன்றேகால் மணி நேரம். ஆளுக்கு ஐந்து நிமிஷம், குறுக்கே பேச்சு கிடையாது. பிரசங்கம் கிடையாது. குடித்துவிட்டு வந்தவர் உட்காரலாம், பேசக்கூடாது. கேட்டதை வெளியே, முக்கியமாகப் பாஸ்டர் வீட்டுத் திண்ணைக்கு, கொண்டுபோகக்கூடாது. கடைசியில் ஐந்து நிமிஷம் ஜெபம். யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. ஒருவருக்கொருவர் என்றால் 300 பேருக்கு என்று அர்த்தமில்லை. நம்பகமான ஒரு ஆள் போதும். பெண்கள் இருந்தால் அவர்களுக்குத் தனிக் கூட்டம், பெண் பொறுப்பாளர். குடிக்கிற பெண்களே நம் சபையில் இல்லை என்று சொல்கிறவர்கள் கேட்டுப் பார்க்காதவர்கள்.

ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற குடிநோயாளிகளின் கூட்டத்துக்கும் போகட்டும். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் இருந்து வந்தவர்கள் அவர்கள். பாவ அறிக்கை, ஈடுசெய்தல் எல்லாம் அந்தப் பன்னிரண்டு படிகளில் இருக்கின்றன. “நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்” என்ற சொல் சில பாஸ்டர்களுக்கு உறுத்துகிறது. அவர் ஞாயிறு சபையில் புரிந்துகொண்ட கடவுளோடு செவ்வாய்க்கிழமை அங்கே போய் உட்காருவதில் என்ன தடை? கட்டணம் இல்லை, உறுப்பினர் கையெழுத்து இல்லை. மூன்று மணி ராத்திரியில் போனை எடுக்கிறவர்கள் அங்கே கிடைப்பார்கள். சபையில் அது அபூர்வம்.

ஈடுசெய்தலில், ஏமாற்றி வாங்கியதை வேதாகமத்துச் சகேயு நாலத்தனையாகக் கொடுத்தார் என்று பார்த்துவிட்டு அவசரப்படுகிறவர்கள் உண்டு. ஒரு நோட்டில் கடன் எல்லாவற்றையும் எழுதுங்கள்: தண்டல்காரர், சீட்டு, அடகுக் கடை, மளிகை, மச்சான். தண்டல்காரரிடம் நேரில் போய் வாரம் இவ்வளவு என்று சொல்லுங்கள். கூடவே சபையில் ஒருவர் போகட்டும். தேதி வாக்குறுதி வேண்டாம். கட்டத் தவறிய வாக்குறுதியின் வெட்கம் நேரே கடைக்குக் கொண்டுபோய் விடும். சம்பளம் வங்கிக்கு வந்தாலும் போனில் காசு இருப்பது கையில் இருப்பதைவிட மோசம். மனைவியின் கணக்குக்குப் பெரும்பகுதி, செலவுக் கணக்கில் 200 ரூபாய். சனிக்கிழமை கூலி வாங்கும் இடத்துக்கு முதல் மூன்று மாதம் துணைக்கு ஒருவர் போக வேண்டும். வீட்டுக்கு வரும் பஸ் ஸ்டாப்பையே மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடப்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

காசிமேட்டுக்கு ஒரு தனிச் சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் வரும். அதாவது லெந்து முடிவதும் தொழில் நிற்பதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. விரதம் முடிந்துவிட்டது, அதிகாலை ஏலம் இல்லை, பகல் முழுக்க ஆட்கள் சும்மா. அந்த 61 நாளுக்கும் ஒரு தாளில் கட்டம் போட்டு, வலை பின்னுகிற வேலை, படகுக்கு பெயிண்ட், கூட்டம், துணை ஆளின் பெயர் என்று ஈஸ்டருக்கு முந்தின வாரமே நிரப்பிவிடுங்கள். காந்தி ஜெயந்தி, மே தினம் மாதிரியான மது விலக்கு நாட்களிலும் கவனம் வேண்டும். இன்னும் குடித்துக்கொண்டிருக்கிற, கை உதறுகிற ஆளுக்கு அன்று சரக்கு கிடைக்காவிட்டால் அதுவே திடீர் நிறுத்தம்தான்.

சாவு வீடு இங்கே பெரிய கண்ணி. ராத்திரி முழுக்க கானா, காலையில் பறை, தூக்குகிற பையன்களுக்கு ஆளுக்கு ஒரு கட்டிங். போகாமல் இருக்க முடியாது. பகல் வெளிச்சத்தில், சாப்பிட்ட வயிற்றோடு, துணையோடு போங்கள். மாலை போட்டு, வீட்டுக்காரர்களைப் பார்த்து, அரை மணியில் கிளம்புங்கள். பாடை தூக்க வேண்டிய உறவு என்றால் கல்லறைக்கு நேராக வந்துவிடலாம். “மாத்திரை சாப்பிடுறேன், டாக்டர் கூடாதுன்னுட்டார்” என்றால் இரண்டாம் முறை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். “ரட்சிக்கப்பட்டுட்டேன்” என்றால் வற்புறுத்துவார்கள்.

மனைவியைப் பற்றி. “அவர் மாறிட்டார், நீ மன்னிச்சிடு சிஸ்டர்” என்று பெண்கள் ஐக்கியத்தில் சொல்வதை நிறுத்த வேண்டும். பத்து வருஷம் கதவுச் சாவி சத்தத்துக்குப் பயந்தவளுக்கு இரண்டு மாதத்தில் பயம் போகாது. அவர் குடிக்காத நாளிலும் அடித்தால் அது குடிப் பிரச்சினை மட்டுமில்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவளுக்குத் தெரியும்படி சபை அறிவிப்புப் பலகையிலேயே எழுதி வைக்கலாம். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. பைபிள் மேல், பிள்ளை தலை மேல் சத்தியம் வாங்குவதும் வேண்டாம். சத்தியம் உடைந்தால், குடித்த குற்றத்தோடு சத்தியத்தை மீறிய குற்றமும் சேர்ந்து அவரைச் சபைக்கு வெளியிலேயே நிறுத்திவிடும்.

வழுக்கல் நடக்கும். “பின்மாற்றக்காரன்” என்று பெயர் வைத்து இராப்போஜனத்திலிருந்து விலக்குவது சபைக்குச் சுலபம். செய்ய வேண்டியது வேறு. தகவல் வந்த அன்றே துணை ஆள் வீட்டுக்குப் போக வேண்டும். தனியாகப் போகாமல் இன்னொருவரையும் கூட்டிக்கொள்ளலாம். ஒரு நாள் குடி என்றால் குளித்து, சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் கூட்டம். இரண்டு மூன்று நாளாகத் தொடர்ந்திருந்தால் வீட்டிலேயே நிறுத்த வைக்காதீர்கள். மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி அந்தத் துண்டுச் சீட்டு. கையில் நாலு இட்லியும் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் இருக்கட்டும். ஏன் குடித்தாய் என்று வாசலிலேயே ஆரம்பிக்க வேண்டாம். பாயில் பக்கத்தில் உட்கார்ந்து, “கடைசியா எத்தனை மணிக்குண்ணே?” என்று கேட்டு, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்.